மருந்தின் விலையும் இரண்டாம் சீலமும்

உலக வாழ்வைத் துறந்து சங்கம் புகுந்த பிக்குகளுக்குப் பகவான் புத்தர் அனுமதித்த தேவைகள் நான்கே. உடுக்கச் சீவரம், உண்ணப் பிச்சை உணவு, தங்க ஓர் இடம், நோயுற்றபோது மருந்து என்பனவே அவை. மனை, மக்கள், பொன், பொருள், குலப்பெருமை ஆகிய அனைத்தையும் விட்டொழித்தவனும் விட இயலாதவை இந்நான்கு என்பது இதன் கருத்து. பசியைப் போலவே பிணியும், துறவி என்றும் இல்லறத்தான் என்றும் பாராது வருவது. நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை, பசிப்பிணி தீர்த்தலைப் பேரறமாகக் கொண்டு அமுதசுரபியின் பெருமையைப் பாடிற்று. விநயமோ உணவோடு மருந்தையும் ஒரே வரிசையில் வைத்தது.

ஒரு பொருள் இன்றி உயிர் நில்லாது எனின், அப்பொருளுக்கு விலை கூறுவோர் எந்த அளவு வரை கூறலாம்? வாங்குவோன் எவ்வளவு கொடுக்க உடன்படுவானோ அவ்வளவும் கூறலாமா? உயிர் காக்கும் மருந்துகளின் விலை ஏறிவரும் இக்காலத்தில், இவ்வினா வணிகர்க்கும் அரசினர்க்கும் மட்டும் உரியதன்று. பஞ்சசீலம் ஏற்ற ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய அறவினா இது.

இல்லங்களின் நிலை

நம் நாட்டில் நோய் நீக்கும் செலவில் பெரும்பங்கு குடும்பங்களின் கைப்பொருளிலிருந்தே செல்கிறது. அரசு வெளியிட்ட தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14ஆம் ஆண்டில் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் தாமே நேரில் கொடுத்ததாகும். 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது நன்றே. எனினும், நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் அப்போதும் நோயாளியின் வீட்டிலிருந்தே வந்தது என்பதை மறத்தலாகாது.

மருத்துவமனையில் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் உண்டு. 2018இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் திட்டம், ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அத்தகைய செலவை ஏற்கிறது. ஆனால், வீடு திரும்பிய 15 நாள்களுக்குப் பின் வாங்கும் மருந்து அதில் அடங்காது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், வலிப்பு, சிறுநீரகக் கோளாறு முதலியவற்றுக்கான மருந்துகளோ மாதந்தோறும் கொடுக்கும் வீட்டு வாடகை போன்றவை. நோயாளி உயிரோடிருக்கும் வரை அச்செலவு தீராது. இன்சுலின் சுரவாத குழந்தைக்கு ஊசி சில நாள் நின்றாலும் உயிருக்கு இறுதி நேரும்.

அரசின் பட்டியலில் உள்ள இன்றியமையா மருந்துகளின் உச்ச விலையை, மொத்த விலைக் குறியீட்டின் ஏற்றத்திற்கேற்ப ஆண்டுதோறும் உயர்த்திக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. 2022 ஏப்ரலில் இவ்வேற்றம் 10.77 சதவீதம்; 2023 ஏப்ரலில் 12.12 சதவீதம். அதன்பின் 2024இல் ஏற்றம் இல்லையென்றே கூறலாம், 2025இல் 1.74 சதவீதமே.  பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ ஆண்டுக்கு 10 சதவீதம் வரை விலையேற்றிக்கொள்ள உரிமை உண்டு. கூலி அவ்வாறு ஆண்டுதோறும் ஏறுவதில்லை என்பதை உழைத்துண்போர் அறிவர்.

விலை ஏறும்போது குடும்பத்தில் நிகழ்வன யாவை? முதலில் சேமிப்புக் கரையும். பின்னர் நகை அடகுக் கடைக்குச் செல்லும். அதன்பின் பிள்ளையின் படிப்பில் கை வைக்க நேரும். அதுவும் போதாதபோது, நோயாளி தாமே மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்ணத் தொடங்குவார். காலையில் உண்டு மாலையில் விடுவார். கேட்டால், ‘இப்போது உடம்பு தேவலை’ என்பார். தம் உயிரையும் பேரப்பிள்ளைகளின் சோற்றையும் ஒரு தராசில் வைத்து நிறுத்து, தாமே சுமை என்று தமக்குத் தீர்ப்புக் கூறிக்கொண்டவர் அவர். மகனும் உள்ளத்துள் கணக்கிடுகிறான். கணக்கிட்டமைக்காகத் தன்னையே வெறுக்கிறான். தாயின் உயிருக்கு இன்ன தொகை வரை செலவிடலாம், அதற்குமேல் இயலாது என்று வரையறுக்கும் நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டு நிறுத்துவதைவிடப் பெருங்கொடுமை வேறு யாதுளது? பொருள் இழப்பை ஈடு செய்யலாம். அன்பு உள்ள இடத்தில் கணக்குப் புகுந்தால், அக்காயம் நோயாளி மறைந்த பின்னும் ஆறுவதில்லை.

ஜீவகர் பெற்ற கூலி

நாம் ஏற்கும் இரண்டாம் சீலம் ‘அதின்னாதானம்’ என்பதினின்று விலகுதலாகும். இதனைக் ‘களவு செய்யாமை’ என்று சுருங்கக் கூறுவது வழக்கம். சொல்லின் நேர்ப்பொருளோ அதனினும் விரிந்தது. கொடுக்கப்படாததை எடுத்தல் என்பதே அதன் பொருள். எனவே, பொருள் கைமாறியதா என்று மட்டும் பார்த்தல் போதாது. அது உண்மையில் கொடுக்கப்பட்டதா என்றும் பார்த்தல் வேண்டும். வழிப்பறிக்காரன் கத்தியைக் காட்டியபோது வழிப்போக்கன் தன் கையாலேயே பணப்பையை எடுத்து நீட்டுகிறான். நீட்டியது அவன் கையே. ஆயினும் அது கொடை என்றோ விலை என்றோ ஒருவரும் கூறார்.

அவ்வாறாயின், சாவின் அச்சத்தால் நீட்டப்படும் பணம் எத்தன்மையது? இதற்கு விடை தேடுவார்க்குப் புத்தர்பிரானின் மருத்துவராகிய ஜீவகரின் வரலாறு துணைபுரியும். தக்கசீலத்தில் ஏழாண்டு மருத்துவம் பயின்று மீண்ட ஜீவகர், வழியில் சாகேத நகரை அடைந்தார். அங்கு ஒரு பெருவணிகரின் மனைவி ஏழாண்டுகளாகத் தலைநோயால் துன்புற்றிருந்தாள். பொன்னை வாங்கிச் சென்றனரேயன்றி, அந்நோயைத் தீர்த்த மருத்துவர் ஒருவரும் இலர். ஜீவகர் அவளுக்குச் சொல்லியனுப்பியது யாதெனில், முன்னதாக எதுவும் தரவேண்டா, நலமடைந்த பின் விரும்பியதைத் தரலாம் என்பதே. நோய் நீங்கியபின் அவளும் அவள் குடும்பத்தாரும் மகிழ்ந்து அளித்த தொகை பதினாறாயிரம் ஆயிற்று.

மற்றொரு நிகழ்ச்சி இராசகிருகத்தில் நடந்தது. பிற மருத்துவர்கள் கைவிட்ட ஒரு வணிகன், தன்னைப் பிழைப்பித்தால் தன் செல்வம் முழுவதையும் தருவதாகவும், தானும் அடிமையாவதாகவும் ஜீவகரிடம் வாக்களித்தான். நோய் தீர்ந்தபின் கூலியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. வாக்கின்படி எல்லாவற்றையும் கொள்ள ஜீவகருக்குத் தடையில்லை. அவரோ அதனை மறுத்து, அரசனுக்கு ஒரு லட்சமும் தமக்கு ஒரு லட்சமும் போதும் என்று வரையறுத்துக்கொண்டார்.

ஜீவகர் கூலி பெறாதவர் அல்லர், பெருங்கூலியே பெற்றார். மருத்துவமும் மருந்தும் இலவசமாக இருந்தே தீரவேண்டும் என்று தம்மம் கூறவில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. எனினும், அவர் நடையில் ஒரு நுண்ணிய நெறி விளங்குகிறது. சாவின் முன் நின்று ஒருவன் கூறும் தொகையை அவர் விலையாக மதிக்கவில்லை. முதல் நிகழ்ச்சியில் அச்சம் நீங்கும் வரை காத்திருந்தார். இரண்டாவதில் அச்சத்தால் மிகையாகக் கூறப்பட்டதைக் குறைத்தார். அச்சம் நீங்கிய உள்ளம் தருவதே கொடுக்கப்பட்டது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. இன்றைய மருந்து விலைகளை அளக்க வேண்டிய கோல் இதுவே என்பது எம் கருத்து.

ஓடமும் வெள்ளமும்

இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். ‘வழிப்பறிக்காரன் கத்தியைக் காட்டினான்; மருந்து வணிகன் யாரையும் அச்சுறுத்தவில்லை. அச்சுறுத்துவது நோய். வணிகன் விடுதலைக்கு வழி காட்டுகிறான். வேண்டுவோர் வாங்கலாம், வேண்டாதோர் விடலாம்’ என்பர்.

இவ்வாதத்தை ஓர் உவமையால் ஆராய்வோம். ஆற்றில் வெள்ளம் பெருகுகிறது. கரையோரக் குடிசைகள் மூழ்குகின்றன. ஓடக்காரன் ஒருவன் ஓடத்தோடு வருகிறான். வெள்ளத்தை அவன் உண்டாக்கவில்லை. ஓடத்தை உழைத்துச் செய்தவனும் அவனே. ஆதலின் கூலி கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால், மரக்கிளையைப் பற்றித் தொங்குவோனிடம் உன் நிலத்தை எழுதித்தந்தால் ஏற்றிக்கொள்வேன் என்பானாயின், அவன் செயலை யாரே வணிகம் என்பர்? புடைவை வாங்கச் செல்பவள் விலை மிகுதி என்று கடையை விட்டு இறங்கலாம். அடுத்த கடைக்குப் போகலாம். அடுத்த மாதம் வாங்கலாம். மருந்து வாங்குவோர்க்கு இம்மூன்றும் இல்லை. எம்மருந்து வேண்டும் என்று எழுதுபவர் மருத்துவர், உண்பவர் நோயாளி, பணம் கொடுப்பவர் வீட்டார். மறுக்கவும் தேரவும் காத்திருக்கவும் இயலாத இடத்தில், ‘அவர்கள் உடன்பட்டே வாங்கினர்’ என்னும் சொல் பொருளற்றதாகிறது.

இன்னும் ஒன்று உளது. வெள்ளத்தை ஓடக்காரன் உண்டாக்கவில்லை என்பது உண்மையே. ஆயின் அவ்வாற்றில் பிற ஓடங்கள் ஏன் இல்லை? பேட்டண்ட் என்னும் காப்புரிமை, புதுமருந்து கண்டோருக்கு 20 ஆண்டு தனியுரிமை தந்து, அதே மருந்தைப் பிறர் செய்து விற்பதைத் தடுக்கிறது. நோய் இயற்கையின் செயல். ஒரே ஓடம் என்னும் நிலையோ மனிதர் கூடி இயற்றிய சட்டத்தின் செயல். மனிதர் இயற்றியதற்கு மனிதரே பொறுப்பாவர். ஆதலின் வரம்பற்ற விலைக்கு நோயின்மேல் பழிபோட்டு ஒதுங்குதல் இயலாது.

நம் நாடு கண்ட பாடம்

இவ்வுண்மையை இந்தியா தன் வரலாற்றில் நன்கு கண்டது. வெள்ளையர் காலத்து 1911ஆம் ஆண்டின் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை அளித்தது. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டமே நிலவியது. மருந்துகளுள் பல அயல்நாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தன. நீதிபதி என். இராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இயற்றப்பெற்று 1972இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. ஒரே மருந்தை வேறு முறையில் செய்யப் பலர் முன்வந்தனர். ஆற்றில் ஓடங்கள் பெருகின, கூலி இறங்கியது.

அதன் பயன் நம் எல்லைக்கு அப்பாலும் சென்றது. எயிட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துகளின் கூட்டு, மேலை நாடுகளில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், மும்பையின் சிப்லா நிறுவனம் 2001இல் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்க நாடுகளின் ஏழைகள் சாவினின்று மீள வழி பிறந்தது.

உலக வணிக உடன்படிக்கையின்படி 2005 சனவரி முதல் மருந்துப் பொருளுக்கு மீண்டும் காப்புரிமை வழங்க நேர்ந்தது. எனினும் நம் பாராளுமன்றம் சில கதவுகளைத் திறந்தே வைத்தது. பழைய மருந்தைச் சிறிது மாற்றி, நோய் தீர்க்கும் ஆற்றலில் உயர்வு காட்டாது புதுக் காப்புரிமை கேட்டால் தரலாகாது என்பது ஒன்று. இதன்படி, இரத்தப் புற்றுநோய்க்குரிய கிளீவெக் மருந்தைப் பற்றிய வழக்கில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1இல் தள்ளியது. காசநோயின் கொடிய வகைக்குரிய பெடாக்குவிலின் மருந்தின் தனியுரிமையை 2023க்கு அப்பாலும் நீட்டிக்கும் விண்ணப்பத்தை, அவ்வாண்டு மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அதனை எதிர்த்து விண்ணப்பித்தவர்களுள் இருவர், காசநோயினின்று பிழைத்த பெண்கள். ஒருவர் மும்பையினர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். பழைய கடு மருந்துகளால் செவிப்புலனை இழந்த அவ்விருவரும், பின்வருவோர்க்கு அவ்விழப்பு நேராதிருக்க முன்நின்றனர். தாம் கரையேறிய பின்னும் ஆற்றைத் திரும்பிப் பார்த்த இவர்தம் செயல் போதிசத்துவ உள்ளத்தின் சாயல் உடையது.

திறந்து வைத்த மற்றொரு கதவு கட்டாய உரிமம். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குரிய நெக்சவார் மருந்தைப் பாயர் நிறுவனம் மாதத்திற்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றுவந்தது. இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் அப்போது அறுபதாயிரத்துச் சில்லறை ரூபாய். நான்காண்டு வருமானத்திற்கும் மேற்பட்டது ஒரு மாத மருந்து! 2012 மார்ச்சில், அதே மருந்தை மாதம் 8,880 ரூபாய்க்கு மேற்படாமல் செய்து விற்க ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்திற்கு உரிமம் தரப்பட்டது. கண்டுபிடித்த நிறுவனத்திற்கு விற்பனையில் 6 சதவீதம் தரவேண்டுமென்றும் ஆணையிடப்பெற்றது. அது பின்னர் 7 ஆயிற்று. விலை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு இறங்கியும், கண்டவர்க்கும் பங்கு கிடைத்தது, செய்தவரும் நட்டமடையவில்லை. முந்திய விலை எதன்மேல் நின்றது என்பதை அன்பர்கள் தாமே உய்த்துணர்க.

இரு கோடிகளும் நடுநெறியும்

நடுநெறியைப் போற்றும் நாம் மறு கோடியையும் பாராதிருத்தல் முறையன்று. விலையை எவ்வளவு குறைத்தாலும் நன்றே என்பது சரியா? 2024 அக்டோபரில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் பதினொரு வடிவங்களுக்கு உச்ச விலையை 50 சதவீதம் உயர்த்தியது. பென்சில் பெனிசிலின் ஊசி, ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் மாத்திரை, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், மனநோய்க்கான லித்தியம் ஆகியன அவற்றுள் சில. மூலப்பொருளின் விலை உயர்ந்து, விதித்த விலையில் செய்து கட்டுப்படியாகாமல், அவற்றைக் கைவிட விரும்புவதாகச் செய்வோர் முறையிட்டதே காரணம். 2019இலும் 2021இலும் இவ்வாறே உயர்த்த நேர்ந்தது. ஏழைகள் உண்ணும் பழைய மருந்து கடையினின்றே மறைந்துபோனால், குறைந்த விலை யாருக்குப் பயன்? செய்வோனை வறுமையில் தள்ளும் விலையும் கொடுக்கப்படாததை எடுத்தலின் மற்றொரு வடிவமே.

புதுமருந்து காண்பதற்குப் பெரும்பொருளும் நெடுங்காலமும் வேண்டும் என்பதும் மெய். பல முயற்சிகள் வீணாகும், ஒன்றிரண்டே வெல்லும். அவ்வுழைப்புக்குக் கைம்மாறு இன்றேல் நாளைய நோயாளிக்கு மருந்து இராது. ஆயின், கைம்மாறு வேறு, வரம்பின்மை வேறு. இன்சுலினைக் கண்ட பேண்டிங் முதலியோர் 1923இல் தம் காப்புரிமையைத் தொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு அளித்தனர். எல்லாரும் அவ்வாறு செய்தல் வேண்டும் என்று யாம் கூறவில்லை. மருந்து கண்டவரின் உள்ளத்தை இயக்குவது பொருளாசை ஒன்றே என்னும் கூற்று பொய் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

மேலும், விலை முழுவதும் ஆராய்ச்சிச் செலவன்று. 2019 பிப்ரவரியில், 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்தை 30 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்று அரசு வரையறுத்தபோது, 390 வணிகப் பெயர் மருந்துகளின் விலை இறங்கியது. சிலவற்றில் 87 சதவீதம் வரை இறங்கியது. ஆராய்ச்சியாளர்க்கோ தொழிலாளிக்கோ சேராத பணம் அது. ஆலைக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள கைகளில் தங்கியது.

அரசு விலை வரையும் முறையிலும் இவ்வினா ஒளிந்துள்ளது. 1995ஆம் ஆண்டின் ஆணைப்படி, பட்டியலில் கண்ட மருந்துக்குச் செய்யும் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் அளவான ஊதியம் கூட்டி விலை வரைந்தனர். 2013ஆம் ஆண்டின் ஆணையோ, சந்தையில் ஒரு சதவீதப் பங்கேனும் உடைய வணிகப் பெயர்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, சில்லறை வணிகர்க்கு 16 சதவீதம் சேர்த்து உச்ச விலை வரைகிறது. செலவைக் கோலாகக் கொண்ட முறை போய், மக்கள் ஏற்கெனவே கொடுத்துவந்த விலையைக் கோலாகக் கொள்ளும் முறை வந்தது. அச்சத்தால் கொடுக்கப்பட்டதையே நியாயத்தின் அளவாகக் கொள்ளலாமா என்பதே ஜீவகர் வரலாறு நம்மைக் கேட்கும் கேள்வி.

ஊழும் நிலையாமையும்

பௌத்தர்களிடையேயும் சிலர் கூறும் இரண்டு சமாதானங்களைக் களைதல் வேண்டும். ஒன்று, நோய் முன்வினைப் பயன். அதனைப் பொறுத்தலே அறம் என்பது. இதனைப் பகவர் ஏற்றதில்லை. சீவகன் என்னும் பரிவிராசகன் ஒருவன் இன்பதுன்பம் யாவும் பழவினையால் வருவனவோ என வினவியபோது, பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறர் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களை அவர் எடுத்துரைத்தார். எல்லாம் வினையே என்போர் தாம் கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்றும் தெளிவித்தார். எட்டில் ஒன்றை முழுமையாக்கி, ஏழையின் நோய்க்கு அவன்மேலேயே குற்றம் சுமத்துதல் தம்மத்திற்கு முரணானது. நோய்க்கே இவ்வாறெனின், மனிதர் வரைந்த விலைக்கு முன்வினையைக் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

மற்றொன்று, பிறந்தார் இறத்தல் உறுதி. கீசா கோதமிக்குக் கடுகு கேட்ட பெருமான், மருந்தின் பின் ஓடவேண்டா என்றல்லவோ உணர்த்தினார் என்பது. அவ்வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்குமின். கோதமி ஏந்திவந்த குழந்தை இறந்துவிட்டிருந்தது. மீளாத இழப்பின் முன்னரே பெருமான் நிலையாமையைப் போதித்தார். உயிரோடு துடிக்கும் குழந்தையை ஏந்திவந்த தாயிடம், மருந்து கடையில் இருக்க, நிலையாமையைப் பேசி அனுப்பினார் என்று எந்நூலும் கூறவில்லை. நிலையாமை, இழந்தவரைத் தேற்றுதற்கு உரியது. கொடுக்க மறுப்பவர் ஒளிந்துகொள்ளும் திரையாக அதனை ஆக்குதல் தகாது.

யார் கடன்?

முதற்கடன் அரசினுடையது. அசோக மாமன்னர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்கிற்கும் மருத்துவ வசதி செய்ததையும், மூலிகை இல்லாத இடங்களுக்கு வேற்றிடத்தினின்று கொணர்ந்து பயிரிட்டதையும் பொறித்துள்ளார். தம் ஆட்சிக்கு உட்படாத சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாமிரபரணியையும் அதில் பெயர் சொல்லிக் குறித்தார். மருந்துக்கு எல்லையில்லை என்று கண்ட வேந்தர் அவர். டாக்டர் அம்பேத்கர் தலைமையில் வரையப்பெற்ற நம் அரசியலமைப்பின் 47ஆம் பிரிவும், பொதுச் சுகாதாரத்தை உயர்த்துதல் அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என்கிறது.

இது இயலாத செயலன்று. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றி, அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டும் மருந்துகளை மொத்தமாக, பொதுப்பெயரில், திறந்த ஒப்பந்தப் புள்ளி வழியே வாங்கத் தொடங்கிற்று. இராசஸ்தான் 2011 அக்டோபர் 2இல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. 2008இல் மைய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் பல்லாயிரமாகப் பெருகியுள்ளன. 2025 செப்டம்பர் 22 முதல் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. பிற மருந்துகளுக்கு 12 சதவீதம் 5 ஆயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் மருந்தகத்தின் பெயர்ப்பலகை மட்டும் நோய் தீர்க்காது. வேண்டிய நாளில் வேண்டிய மருந்து அங்கு இருத்தல் வேண்டும்.

அடுத்தது வணிகர் கடன். இல்லறத்தார் செய்யலாகாத தொழில்கள் ஐந்தனுள் நஞ்சு விற்றலும் ஒன்று. மருந்து விற்றல் அதற்கு நேர் எதிரான நற்றொழில். அந்நற்றொழில் நல்வாழ்க்கையாக நிலைத்தற்கு, அச்சத்தை விலையாக்காமை என்னும் வரம்பு இன்றியமையாதது.

இறுதியாக நம் கடன். பிலிந்தவச்சர் என்னும் பெரியார்க்கு மக்கள் நெய்யும் தேனும் எண்ணெயும் மிகுதியாக மருந்தென வழங்கினர். அவரைச் சார்ந்த பிக்குகள் அவற்றைக் குடங்களிலும் பைகளிலும் நிறைத்துச் சேர்த்து வைக்க, எலிகள் புகுந்து அழித்தன. மருந்தை ஏழு நாளைக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது என்னும் விதி அதனால் பிறந்தது. நம் சங்கங்கள் இவ்விதியின் கருத்தைப் போற்றலாம். விகாரைக்கும் சிலைக்கும் வழங்கும் கொடையில் ஒரு பங்கைத் தொடர்நோயாளிகளின் மருந்துக்கு ஒதுக்கலாம். மருத்துவரிடம் பொதுப்பெயரால் மருந்து எழுதித்தருமாறு கேட்கவும், உறையில் அச்சிட்ட உச்ச விலையை நோக்கவும், அரசு மருந்தகம் எங்குளது என்று அறியவும் எளியோர்க்குக் கற்பிக்கலாம். நம் முன்னோடியாகிய அயோத்திதாசப் பண்டிதர் தாமே சித்த மருத்துவர். 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று விலையையே பெயராக இட்டார். வாங்க வேண்டியவர் யார் என்பதை முதலில் எண்ணி, அதன்பின் விலையை வரைந்த உள்ளம் அது.

வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவான் கண்டபோது, பிறர் ஏன் அவனைக் கவனிக்கவில்லை என்று கேட்டார். அவனால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பதே கிடைத்த விடை. பெருமான் ஆனந்தரோடு தாமே நீர் கொண்டு அவனைக் கழுவி, தூக்கிப் படுக்கையில் கிடத்தினார். பின், தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றோர்க்குச் செய்யுமாறு பணித்தார். பயனைக் கணக்கிட்டு ஒருவனை விட்டுவிடும் வழக்கம் இன்று விலை என்னும் உருவில் நம்மிடையே உலவுகிறது. அடுத்த உபோசத நாளில் பஞ்சசீலம் ஏற்கும்போது, இரண்டாம் சீலத்தைச் சொல்லி முடித்த பின் ஒரு கணம் நின்று, கொடுக்கப்படாது எடுக்கப்பட்டவற்றுள் எத்துணை மாத்திரைகள் அடங்கும் என்று எண்ணிப் பார்ப்போமாக. எண்ணியபின், நம் தெருவில் மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்பவர் யார் என்று தேடிச் செல்வோமாக.

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க.